நந்திக்கடலில் முன்பாய்க் கயிறு பிடித்த இரண்டு நாள்

முல்லைத்தீவை வெளியூர் என்று நான் சொன்னால் எங்கள் ஊரவர்கள் சிரிப்பார்கள். நான் பிறந்த முள்ளியவளையிலிருந்து கடல் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் நாங்கள் வயல்காரர். வைகாசியில் கோயிலில் உப்பு நீரில் விளக்கெரிப்பதற்காகக் கடல் தண்ணீர் எடுக்கப் போவார்கள். அந்தக் கூட்டத்தோடு கரைவரைக்கும் போயிருக்கிறேன். முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நாற்பத்தாறாவது வயதில், பாய்ப்படகில் வேலை பழகுவதற்காக ஒரு வெள்ளிக்கிழமை அதே கரைக்குப் புறப்பட்டபோது, சீமைக்குக் கப்பல் ஏறுகிறவனைப் போலப் பெட்டியை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன்.

நான் வவுனியாவில் டிறெசர். காயம் கழுவுவது, மருந்து கட்டுவது, சின்ன வெட்டுகளுக்கு இழை போடுவது என் வேலை. முல்லைத்தீவில் அப்போது இருந்த டாக்குத்தருக்கு ஒரு கவலை இருந்தது. மாரியில் வட்டுவாகல் முகத்துவாரத்துப் பாதை தண்ணீருக்குள் போய்விடும். முள்ளிவாய்க்கால் பக்கத்துச் சனம் மருந்துக்கு வரமுடியாமல் அந்தப் பக்கம் நிற்கும். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் உல்லாசப் படகை அந்த வேலைக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். யாட் என்று அதற்குப் பெயர். டாக்குத்தர் சுக்கான் பிடிப்பார். படகில் பாய்க்கயிறு பிடிக்கவும் கரையில் இறங்கிக் காயம் கட்டவும் அவருக்கு ஒரே ஆள் வேண்டும். விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழக்கம். ஞாயிறு பின்னேரம் ஒருவரைத் தெரிவுசெய்வார்கள்.

அந்த ஒருவர் நானாக இருக்கவேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் கடல் அல்ல. பத்து வருடமாக நான் வவுனியாவில், மனைவி பூமணியும் பிள்ளைகளும் முள்ளியவளையில். மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்குப் போவேன். கடைசி மகள் வாணிக்கு ஆறு வயது. நான் படலையைத் திறந்ததும் ஓடிவந்து, "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தருவாள். நல்ல பழக்கம் என்று அயலவர்கள் மெச்சுவார்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைப்பேன். ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்தாலும் அதே செம்பில், அதே சொல்லோடுதான் கொடுப்பாள்.

முல்லைத்தீவுக்கு மாற்றம் கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்து போய்வரலாம். பூமணிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் இரண்டு பேர் ஏமாறவேண்டாம் என்று நினைத்தேன்.

பஸ்களை அரசாங்கம் எடுத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. பஸ் மட்டும் பழையது. ஒட்டுசுட்டானைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் மூக்கால் புகை விட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் வற்றிவிட்டதாம். தெருவோரத்து மோட்டையில் தண்ணீர் இருந்தது. போகிற வழியில் ஆனைப் பிண்டமும் இருந்தது, ஆவி பறக்க.

"ஒராளாய்ப் போகேலாது. அஞ்சாறு பேர் கதைச்சுக்கொண்டு போனால் அது விலத்திப் போயிடும். வாங்கோ" என்றார் கொண்டக்டர்.

மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் போனோம். ஒருவர் நெல் விலை கதைத்தார். ஒருவர் மருமகனைத் திட்டினார். எனக்குத் தெரியாத மனிதரோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கொண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, வாயைத் திறவுங்கோ. இஞ்சை ஆள் நிக்குது எண்டு ஆனைக்குத் தெரியவேண்டாமோ?"

நான் இருமினேன். அதற்கு மேல் வரவில்லை.

பஸ் திரும்பவும் கிளம்பி முள்ளியவளைக்கு வந்தபோது பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஓரத்தால் பார்த்தேன். எங்கள் படலையில் வாணி நின்றாள். போகிற பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கும்தான் காட்டினாள், நான் என்று தெரியாமல்.

முல்லைத்தீவில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் தேத்தண்ணிக் கடை. கடைக்காரரை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். வவுனியாவில் சம்பல் என்றால் தேங்காய்ப்பூ. இங்கே மாசிக் கருவாடு இடித்துப் போட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் செய்திருந்தார். எதிர் வாங்கிலில் இருந்த பருத்த மனிதர் என் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்த் துண்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நல்லதம்பி அண்ணைதானே? நான் சபாரத்தினம், கிளிநொச்சி டிறெசர். உங்களோடை போட்டிக்கு வந்தவன். ஒரே கோப்பையிலை சாப்பிடுவம், பிறகு கடலுக்கை சண்டை பிடிப்பம்."

காக்கா சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்கள் ஏன் இதுக்கு வந்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"மாமியும் நானும் ஒரே வீடு. நடுவிலை ஒரு கடலேரி கிடந்தால் நல்லம் எண்டு பாத்தன்."

எல்லாவற்றையும் இப்படித்தான் சொன்னார். படுக்கப் போகுமுன் கிளிநொச்சி முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டார். இவரைத்தான் தெரிவுசெய்வார்கள் என்று எனக்கு அன்றைக்கே பட்டுவிட்டது.

சனிக்கிழமை விடிய, நந்திக்கடல் என்கிற கடலேரியின் கரையில் பீற்றரைச் சந்தித்தோம். எங்களுக்குப் பழக்குவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டவர். அந்தக் கரையிலேயே பிறந்து, திருக்கோணமலையில் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர். முப்பது வயது இருக்கலாம். என்னை அண்ணை என்று சொல்லிக்கொண்டே என் பெட்டியைத் தூக்கி மணலில் வைத்தார்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ. வேட்டியையும்."

இரண்டு பேரும் அரைக் காற்சட்டையோடு நின்றோம். வவுனியாவில் எவரும் கண்டால் நான் வேலையை விடவேண்டியதுதான்.

படகு வெள்ளையாய், மெலிந்து, காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்து வள்ளங்களுக்குப் பக்கத்தில் அது கலியாண வீட்டுக்கு வந்த பட்டணத்துப் பெண் போல. இரண்டு பாய். பெரிய பாயின் அடியில் ஒரு நீள மரம் கிடக்கிறது. படகு திரும்பும்போது அந்த மரம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். குனியாதவன் தலை போகும். முன்னாலே சின்னப் பாய். அதன் கயிறுதான் எங்கள் வேலை. திரும்பும்போது ஒரு பக்கத்துக் கயிற்றை விட்டு, மரத்துக்குக் கீழே ஊர்ந்து, மற்றப் பக்கத்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்கவேண்டும். பிடித்ததை விடக்கூடாது.

"விட்டால் என்ன?" என்று சபாரத்தினம் கேட்டார்.

"விட்டால் படகு காத்துக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு நிண்டிடும். பேந்து பின்பக்கமாய் இழுபட்டுப் போகும். எங்கை போகும் எண்டு அதுக்கே தெரியாது."

அதைவிடப் பெரிய பாடம் வாய்ப் பாடம். திருப்புவதற்கு முன் சுக்கான் பிடிக்கிறவர் "றெடியோ?" என்று கேட்பார். நாங்கள் "றெடி!" என்று கத்தவேண்டும். கத்தாவிட்டால் அவர் திருப்பமாட்டார். பீற்றர் எங்களை நூற்றைம்பது அடி தூரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டார். சபாரத்தினத்தின் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பின. என் முறை வந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"அண்ணை, எனக்கு உங்கடை முதுகுதான் தெரியும். முதுகு ஓம் சொல்லாது. கத்துங்கோ!"

"றெடி" என்றேன்.

"எனக்குக் கேக்கேல்லை!"

இறால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து, "எனக்கும் கேக்கேல்லை!" என்றாள். அவளுக்கும் எனக்கும் இடையில் ஒரு தென்னந்தோப்பே இருந்தது. அவளுடைய சத்தம் என் காதுக்குள் வந்து விழுந்தது. திரேசம்மா என்று பெயராம். கடலேரியில் நட்டிருந்த வலைக்கம்புகளில் பாதி அவளுடையவை.

சத்தம் போடாமல் இருக்கவே நான் வளர்ந்தேன். பெரியவர் கதைக்கும்போது கதைக்கக்கூடாது. மேலதிகாரி முன்னால் குரல் உயரக்கூடாது. காய்ச்சல்காரர் நித்திரை கொள்ளும் இடத்தில் செருப்புச் சத்தமே கூடாது. இருபது வருடம் அந்த வேலையில் இருந்தவனை ஒரு காலையில் கத்து என்றால் எங்கிருந்து கத்துவது?

பின்னேரம் டாக்குத்தர் வந்தார். உயர்ந்த மனிதர், தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. யாழ்ப்பாணத்தவர். சுக்கானில் அவர் இருக்க, கால் எட்டும் தூரத்தில் அவருக்கு முன்னால் நான், என் பக்கத்தில் பீற்றரும் சபாரத்தினமும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று நன்றாக எழும்பியிருந்தது. படகு ஒரு பக்கம் சரிந்து ஓடியது. தண்ணீர் என் முழங்கைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு போனது.

"றெடியோ?" என்றார் டாக்குத்தர்.

"றெடி" என்றேன். பீற்றர் அதை வாங்கி உரத்துச் சொல்லிவிட்டார்.

படகு திரும்பியது. ஒரு கயிற்றை விட்டேன். ஊர்ந்தேன். மறு கயிற்றைப் பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அந்த நேரத்தில் என் கால் பின்னால் நீண்டு டாக்குத்தரின் நெஞ்சில் பட்டது.

ஒருவர்மேல் கால் பட்டால் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. நடக்கப் பழகின காலத்திலிருந்து என் கை அப்படித்தான் போகும். அதுவும் டாக்குத்தர்! கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பி, இரண்டு கையாலும் அவருடைய முழங்காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றினேன்.

முன்பாய் துப்பாக்கி வெடித்ததுபோல் அடித்தது. படகு பாதித் திருப்பத்தில் நின்றது, நடுங்கியது, பிறகு பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. பீற்றர் கயிற்றுக்குப் பாய்ந்தார். பாயின் மரம் திரும்பி வந்து அவருடைய புருவத்தில் அடித்தது. பின்னால் படபடவென்று முறிகிற சத்தம். திரேசம்மாவின் கம்புகள்.

கரையிலிருந்து குரல் வந்தது.

"கண் தெரியாதோ உங்களுக்கு? கயித்தை விட்டுப்போட்டு என்ரை வலையைப் பிடிக்கவோ வந்தனீங்கள்? காச்சட்டை போட்டால் காணுமோ?"

கரைக்கு எப்படி வந்தோம் என்று சரியாக நினைவில்லை. பீற்றரின் முகத்தில் பாதி இரத்தம். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது: அந்த வெட்டுக்கு நான்கு இழை வேண்டும். பெட்டியைத் திறந்தேன். கை கழுவினேன். மணலில் அவரை இருத்திப் புருவத்தைச் சுத்தம் செய்து தைக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது இழையில் பீற்றர் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். "ஊசி பிடிக்கேக்கை கை நடுங்கேல்லையே அண்ணை. எனக்கு நோகுது எண்டு தெரிஞ்சும் நீங்கள் விடேல்லை."

"விட்டால் காயம் திறந்திடும்" என்றேன்.

"அதைத்தான் நானும் விடிய துவக்கம் சொல்லுறன்."

டாக்குத்தர் இழைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கால் பட்டால் பட்டதுதான். கரையிலை நீர் என்னை எவ்வளவும் கும்பிடலாம். படகிலை வேண்டாம். நாளைக்குப் பாப்பம்."

அன்று இரவு காக்கா கடையில் புட்டும் திரளி மீன் குழம்பும். சபாரத்தினம் இரண்டு கோப்பை சாப்பிட்டார். நான் புட்டை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தேன். எதையும் மறைத்துப் பழக்கமில்லாத சபாரத்தினம், "அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. இது எனக்குத்தான் வரும்போலை கிடக்கு" என்றார். குழம்பை வழித்துக்கொண்டே, "உங்களுக்கு இது ஏன் வேணும்?" என்று கேட்டார்.

செம்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். வேறு எவருக்கும் சொன்னதில்லை. அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. என் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பீற்றர் பூசை முடிந்து பிந்தி வந்தார். கண் வீங்கி மூடியிருந்தது. படகில் ஏறமுடியாது, கரையில் நிற்கிறேன் என்றார். ஆகவே படகில் நாங்கள் மூன்று பேர். சோதனை இதுதான்: முள்ளிவாய்க்கால் பக்கத்துக்குப் போகும்போது சபாரத்தினம் கயிறு பிடிக்கவேண்டும். திரும்பி வரும்போது நான்.

சபாரத்தினம் திறமாகச் செய்தார். "றெடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் டாக்குத்தரே ஒருமுறை சிரித்தார். முள்ளிவாய்க்காலில் இறங்கினோம். அரைமணி நேரத்துக்குள் டாக்குத்தரைச் சுற்றி இருபது பேர். ஒரு மனிதர் வந்து ஆறாமல் நாறிக்கொண்டிருந்த தன் கால் புண்ணைக் காட்டினார். போன மாரியில் முள் குத்தியதாம். பாதை திறந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக்கும் ஒன்றரை மாதம் புகையிலைச் சாறு விட்டாராம். அதைக் கழுவிக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான், என் வீட்டுச் செம்பைத் தவிர வேறு விஷயமும் இந்தப் படகில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கயிற்றை விடுகிற ஒருவன் மாரியில் இந்தப் படகில் ஏறக்கூடாது. அது நானாக இருந்தாலும்.

ஒரு வீட்டில் கூழ் தந்தார்கள். நண்டும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் போட்டது, பனையோலைப் பிளாவில். குடித்து முடிக்குமுன் டாக்குத்தர் எழும்பிவிட்டார். மேற்கே காட்டுக்கு மேலே கறுத்திருந்தது.

நாங்கள் நடுக் கடலேரிக்கு வரும்போது காற்று மாறி நேர் எதிரே வந்தது. நேராகப் போகமுடியாது, வளைந்து வளைந்துதான் போகவேண்டும். திருப்பத்துக்கு மேல் திருப்பம். படகு அளவுக்கு மீறிச் சரிந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. சபாரத்தினம் வாளியால் இறைத்தார். முதல்முறையாக அவர் பேசாமல் இருந்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"றெடியோ?"

"றெடி" என்றேன். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

"றெடியோ?"

"றெடி!"

படகு திரும்பியது. மரத்துக்குக் கீழே ஊர்ந்து மறு கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அலை படகைத் தூக்கியது. என் குதிக்கால் எதிலோ பலமாக அடித்தது. திரும்பிப் பார்த்தேன். டாக்குத்தரின் முகம். கண்ணாடி இல்லை. தண்ணீருக்குள் ஏதோ ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தது.

என் வலது கை தானாகவே விரியத் தொடங்கியது. ஒரு விரல் விலகியது. இரண்டாவது விரலும் விலகியது. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓரடி ஓடியது. திரும்பவும் இறுக்கிப் பிடித்தேன். பிறகு இரண்டு கையாலும்.

"நல்லதம்பி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார் டாக்குத்தர். அமைதியாகத்தான் சொன்னார். "வெள்ளையாய்க் கிடக்கு. முன்னாலை என்ன?"

முன்னால் திரேசம்மாவின் கம்புகள். வரிசையாக, வேலி போல. நடுவில் வள்ளங்கள் போவதற்கு ஓர் இடைவெளி உண்டு. எங்கே என்று மழைத்தூறலில் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சுக்கான் பிடிக்கத் தெரியாது. அதை எவரும் எங்களுக்குப் பழக்கவில்லை. பிடிக்கத் தெரிந்தவருக்குக் கண் தெரியாது.

இடம் வலம் என்று சொன்னால் படகா சுக்கானா என்று குழம்பும். ஆனால் ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் மணல்திட்டுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அது அவருக்கும் கேட்கும்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ! கடல் பக்கம் திருப்புங்கோ!"

இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினேன். எனக்கே அது வேறு யாரோ கத்தியதுபோல் இருந்தது. படகு கடல் பக்கம் திரும்பியது.

"காணும்! அப்பிடியே பிடியுங்கோ! இல்லை, கூடிப்போச்சு! காட்டுப் பக்கம்! காட்டுப் பக்கம்!"

"எவ்வளவு?"

"கொஞ்சம்! நிப்பாட்டுங்கோ! சபாரத்தினம், எழும்பாதையுங்கோ, மரம் வருது, குனியுங்கோ!"

கரையில் ஓர் உருவம் இரண்டு கையையும் வீசியது. மழையையும் காற்றையும் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"திரும்பவும் வாறாங்களே! ஓலை கட்டின கம்புக்கு வாங்கோடா! ஓலை! ஓலை!"

ஓலை கட்டிய கம்பு இரண்டு தெரிந்தன. அதுதான் வாசல். "திரேசம்மா சொல்லுறா, கேக்குதே ஐயா? கடல் பக்கம் ஒரு விரற்கடை! அப்பிடியே! அசையாதையுங்கோ!" என்று நான் டாக்குத்தருக்குக் கட்டளை போட்டேன். அவர் கட்டளைப்படி நடந்தார். கம்புகள் இரண்டு பக்கத்தாலும் கை எட்டும் தூரத்தில் போயின. ஒன்றிலும் முட்டவில்லை. படகு சேற்றில் ஏறி நின்றது.

பீற்றர் இடுப்பளவு தண்ணீரில் வந்து படகைப் பிடித்தார். கயிற்றைத் தரும்படி கேட்டார். என் கை திறக்கவில்லை. அவர் விரல் விரலாக விரித்தார். உள்ளங்கையில் தோல் இல்லை.

"இனி விடலாம், அண்ணை" என்றார்.

டாக்குத்தரைக் கையைப் பிடித்துக் கரையில் இறக்கினோம். மூக்கில் என் குதிக்கால் பட்ட இடம் சிவந்திருந்தது. நான் முன்னால் நின்றேன். பழையபடி வாய் மூடிக்கொண்டது.

"நல்லதம்பி நிக்கிறீரோ?"

"ஓம் ஐயா."

"கரைக்கு வந்திட்டம். இப்ப தொட்டுக் கும்பிடும். நேத்தைக்கும் சேர்த்து."

திரேசம்மாதான் முதலில் சிரித்தாள். நான் கும்பிட்டேன், இரண்டு தரம்.

"ரெண்டு நாளாய் உந்தக் குரலை எங்கை வைச்சிருந்தனீர்?" என்று டாக்குத்தர் கேட்டுவிட்டு, பீற்றரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரி அறையில், தெரிவானவரின் பெயரை மேலிடத்துக்கு அறிவிக்கும் கடிதம் எழுதவேண்டியிருந்தது. கண்ணாடி இல்லாமல் டாக்குத்தருக்கு எழுத்துத் தெரியவில்லை. வேறு கண்ணாடி யாழ்ப்பாணத்தில். சபாரத்தினத்தின் கையெழுத்து வடிவானது, இங்கிலீசும் என்னுடையதைவிடத் திறம். ஆகவே டாக்குத்தர் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். முதல் வரியில் என் பெயர் வந்தது. சபாரத்தினத்தின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. எழுதி முடித்து, ஒற்றுத்தாளால் ஒற்றி, டாக்குத்தரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் வைத்தார்.

வெளியில் வந்ததும், "இனி மாமிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். என் கைக்கு மருந்து போட்டுத் துணி சுற்றிவிட்டவரும் அவர்தான். திறமாகச் சுற்றியிருந்தார்.

இருட்டுவதற்கு முன்னே முள்ளியவளையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. படலையைத் திறந்தேன். வாணி ஓடிவந்தாள்.

"வாங்கோ, இருங்கோ."

கதிரையில் இருந்தேன். அவள் உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கிட்ட வந்தவள் கால் தடுக்கி என் பாதத்தில் மிதித்துவிட்டாள். உடனே முகம் மாறிக் குனிந்தாள். தொட்டுக் கும்பிடுவதற்காகச் செம்பிலிருந்து ஒரு கையை எடுத்தாள். செம்பு சரிந்தது.

"விடாதை!"

முற்றத்தில் நின்ற கோழிகள் சிதறின. வாணி செம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு சொட்டுத்தான் சிந்தியிருந்தது.

குசினிக்குள்ளிருந்து பூமணி அகப்பையோடு ஓடிவந்தாள். "ஆரடி பிள்ளை உது? ஆர் வந்து கத்தினது?"

வாணி என்மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஒருத்தரும் வரேல்லை அம்மா. எங்கடை அப்பா."